ஒலிமாதிரிக் கருவி

ஒலிமாதிரிக் கருவி அல்லது சாம்ப்ளர் என்பது, வெளியில் உள்ள ஓர் ஒலியைச் சிறு துண்டாகப் பதிவு செய்து, அத்துண்டை விசைப்பலகையின் கட்டைகளாலோ அடிதட்டுகளாலோ வேண்டிய சுருதியில் மீண்டும் ஒலிக்கச் செய்யும் மின்னணு இசைக்கருவி ஆகும். இவ்வாறு பதிவு செய்யப்படும் துண்டு ஒலிமாதிரி எனப்படுகிறது. மின்னலைகளிலிருந்து தானே ஒலியை உருவாக்கும் சிந்தசைசரிலிருந்து இது வேறுபட்டது. ஒலிமாதிரிக் கருவிக்கெனச் சொந்தக் குரல் கிடையாது. தவிலோ, கோயில் மணியோ, கடலலையோ எது உள்ளே செல்கிறதோ அதுவே வெளியே வரும்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மெல்லிசைக் குழுவினரிடையே இதன் அடிதட்டு வடிவம் பேட் அல்லது ரிதம் பேட் என்ற பெயரிலேயே அறியப்படுகிறது. 1985இல் ரோலண்டு நிறுவனம் வெளியிட்ட ஆக்டபேட் என்னும் கருவியின் பெயர், பிற்காலத்தில் இவ்வகைக் கருவிகள் அனைத்துக்குமான பொதுப்பெயர் போலவே வழங்கலாயிற்று. எனினும் ஆக்டபேட் வரிசைக் கருவிகள் எல்லாம் ஒலிமாதிரிக் கருவிகள் அல்ல. அவற்றுட் பல, தயாரிப்பாளர் உள்ளே வைத்த ஒலிகளை மட்டுமே ஒலிப்பவை. பழைய கருவி வாங்குவோர் முதலில் அறியவேண்டிய வேறுபாடு இதுவே.

கணினி மென்பொருள்கள் இப்பணியை மேற்கொண்ட பின்னர் வன்பொருள் கருவிகள் பெருமளவில் கைமாறத் தொடங்கின. 1998இல் வந்த கிகாசாம்ப்ளர், 2002இல் வந்த கான்டாக்ட் ஆகியவை இம்மாற்றத்தில் முக்கியமானவை. அக்காய் நிறுவனம் 2002இல் வெளியிட்ட இசட்4, இசட்8 ஆகியவற்றுடன் அதன் அடுக்குப்பெட்டி வகைக் கருவிகளின் வரிசை முடிவுற்றது. அடிதட்டு வகையோ மறையவில்லை. 2021இல் வெளிவந்த எஸ்.பி. 404 எம்.கே. 2 போன்ற புதுக் கருவிகள் அவ்வகையைச் சேர்ந்தவை.

செயற்பாடு

ஒலிவாங்கியிலிருந்தோ ஒலிநாடாவிலிருந்தோ வரும் மின்குறிப்பைக் கருவி ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக மாற்றி நினைவகத்தில் வைக்கிறது. நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது மாதிரி வீதம். ஒவ்வோர் அளவும் எத்தனை பிட்டுகளில் எழுதப்படுகிறது என்பது நுணுக்கம். குறுந்தகட்டுத் தரமாகிய 44,100 வீதம், 16 பிட்டு என்ற கணக்கில் ஒற்றைத்தட ஒலி ஒரு நொடிக்கு 88,200 பைட்டுகளை நிரப்பும். ஆகவே 2 மெகாபைட்டு நினைவகத்தில் ஏறத்தாழ 23.8 நொடிகள் மட்டுமே அடங்கும். இருதட ஒலியானால் அதில் பாதி.

மாதிரி வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைக் கருவியால் பதிவு செய்ய இயலாது. இ-மு நிறுவனத்தின் எஸ்.பி. 1200 நொடிக்கு 26,040 முறை அளப்பதால், 13,000 ஏர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகள் அதில் இல்லை. தாளத்தின் கூர்மையிலும் சலங்கையின் மினுக்கத்திலும் ஒரு பகுதி இதனால் இழக்கப்படுகிறது. இக்குறைபாட்டால் வரும் கரடுமுரடான ஒலியையே பலர் விரும்பி இக்கருவியைத் தேடுகின்றனர் என்பது விந்தை.

பதிவான துண்டை மேல்சுருதியில் ஒலிக்கச் செய்யக் கருவி அதனை விரைவாக வாசிக்கிறது. ஓர் அரைச்சுரம் உயர வேகம் ஏறத்தாழ 1.06 மடங்காகும். ஒரு தாயி உயர வேகம் இருமடங்காகி நீளம் பாதியாகும். எனவேதான் ஒரே மாதிரியை விசைப்பலகை முழுவதும் பரப்பினால் மேற்கட்டைகளில் மனிதக்குரல் சிறுவர்குரல் போலவும், கீழ்க்கட்டைகளில் பூதத்தின் குரல் போலவும் கேட்கிறது.

வரலாறு

பதிவு செய்த ஒலியையே இசையின் மூலப்பொருளாகக் கொள்ளும் எண்ணம் கணினிக்கு முற்பட்டது. 1948இல் பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியேர் சேஃபர், தொடருந்து முதலியவற்றின் ஒலிகளை இசைத்தட்டுகளில் வெட்டியும் திருப்பியும் அமைத்த ஆக்கங்களை ஒலிபரப்பினார். 1963இல் இங்கிலாந்தில் உருவான மெலோட்ரான், ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்தநாடாத் துண்டு என்ற முறையில் இயங்கியது.

எண்முறையில் இதனைச் செய்து பரவலாக்கியது, 1979இல் ஆத்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகியோர் உருவாக்கிய ஃபேர்லைட் சி.எம்.ஐ. ஆகும். அதன் விலை ஒரு வீட்டின் விலைக்கு ஒப்பானது. 1981இல் இ-மு நிறுவனத்தின் எமுலேட்டர் வந்தது. 1984இல் என்சோனிக் நிறுவனத்தின் மிராஜ் 1,695 டாலர் விலையில் வந்ததும், இக்கருவி தனி இசைக்கலைஞர்களுக்கும் எட்டக்கூடியதாயிற்று. அக்காயின் எஸ்900 (1986) 12 பிட்டு நுணுக்கமும், எஸ்1000 (1988) 16 பிட்டு நுணுக்கமும் கொண்டவை. 1988இல் ரோசர் லின் வடிவமைப்பில் அக்காய் வெளியிட்ட எம்.பி.சி. 60, பதினாறு அடிதட்டுகளையும் இசைக்கோர்வை நினைவகத்தையும் ஒரே பெட்டியில் இணைத்தது. இன்றைய அடிதட்டுக் கருவிகள் பலவற்றின் முன்னோடி இதுவே.

1987இல் வந்த எஸ்.பி. 1200இல் மொத்தம் 10 நொடிகளே பதிவு செய்யலாம். அமெரிக்காவின் ஹிப்-ஹாப் இசைஞர்கள் 33 சுழற்சி இசைத்தட்டை 45 சுழற்சியில் ஓட்டிப் பதிவு செய்து, பின்னர் கருவியில் சுருதியைக் குறைத்து, 10 நொடியில் 13 நொடிக்கும் மேற்பட்ட இசையை அடக்கினர்.

தமிழ் இசையில்

1992இல் ரோஜா திரைப்படத்தின் இசையை ஏ. ஆர். ரகுமான் தம் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தில் அமைத்தது, தமிழ்த் திரையிசையில் மின்னணுக் கருவிகளைப் பல அடுக்குகளாகக் கோர்க்கும் முறை பரவுவதற்குப் பெரும் காரணமாயிற்று. ஒரு கூடத்தில் அனைவரும் அமர்ந்து ஒரே மூச்சில் வாசிக்கும் வழக்கம் இதன் பின்னர் குறைந்தது. இதனால் வாய்ப்பிழந்த வாத்தியக் கலைஞர்கள் பலர். ஒலிமாதிரிக் கருவியின் வரலாற்றைப் பேசும்போது இப்பக்கத்தை விட்டுவிடுவது முறையன்று.

திருவிழா, திருமண மேடைகளில் இடம்பெறும் மெல்லிசைக் குழுக்களில் ரோலண்டின் எஸ்.பி.டி.-எஸ் (2003), எஸ்.பி.டி.-எஸ்.எக்ஸ் (2011) ஆகியவை தவில், பறை, உறுமி போன்றவற்றின் மாதிரிகளை ஏற்றி ஒரே கலைஞரால் வாசிக்கப்படுகின்றன.

புலம்பெயர் தமிழரிடையே பாடகர் மாயா என்னும் மாதங்கி அருள்பிரகாசம் குறிப்பிடத்தக்கவர். இவர் தம் முதல் இசைத்தொகுப்பான அருளர் (2005) என்பதற்கான தொடக்க ஆக்கங்களை, இரவலாகப் பெற்ற ரோலண்டு எம்.சி. 505 என்ற கருவியில் அமைத்தார். எம்.சி. 505 வெளி ஒலியைப் பதிவு செய்யாது என்பதால் அது கண்டிப்பான பொருளில் ஒலிமாதிரிக் கருவி அன்று. ஆயினும் ஒரு பழைய பெட்டியும் அதனைக் கற்கும் பொறுமையும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அவரது அடுத்த தொகுப்பான கலா (2007) பகுதியளவில் சென்னையில் பதிவு செய்யப்பட்டது. அதில் உறுமி ஒலிகள் இடம்பெற்றுள்ளன.

பழைய கருவியை வாங்குதல்

புதுச்சேரி நகரில் மகாத்மா காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பழைய பொருட்களுக்கும் பெயர்பெற்றது. எனினும் ஒலிமாதிரிக் கருவியை அங்கே எதிர்பார்த்துச் செல்வது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். இவை கைமாறுவது பொதுவாக அறிமுகத்தின் வழியாகவே. புதிய பேட் வாங்கும் மெல்லிசைக் கலைஞர், மூடப்படும் ஒலிப்பதிவுக்கூடம், நாடு திரும்பும் வெளிநாட்டவர் ஆகியோரே விற்பவர்கள். நகருக்கு வடக்கே 1968இல் நிறுவப்பட்ட ஆரோவில்லில் பல நாட்டு இசைஞர்கள் வாழ்வதால், ஐரோப்பாவிலிருந்து வந்த கருவிகளும் இப்பகுதியில் காணப்படுவதுண்டு. உதிரிப் பாகங்களுக்குச் சுமார் 150 கி.மீ. தொலைவிலுள்ள சென்னையின் ரிச்சி தெருவையே நாட வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து பழைய கருவியை அஞ்சலில் வரவழைப்போர், பழைய பொருள் இறக்குமதிக்கு இந்தியாவில் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும், சுங்கவரி விலையோடு சேரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

பார்க்காமல் வாங்கக்கூடாத பொருள்களில் இதுவும் ஒன்று. கருவி எரிகிறது, திரையில் எழுத்து வருகிறது என்பது சான்றாகாது. குறைந்தது அரைமணி நேரம் இயக்கிச் சூடேற விடவேண்டும். மின்வழங்கியின் பழுதடைந்த மின்தேக்கிகளும் விரிசல் கண்ட பற்றவைப்புகளும் சூடேறிய பின்னரே தம்மைக் காட்டும். அந்த அரைமணியில் ஒவ்வோர் அடிதட்டையும் மெதுவாகவும் வலிதாகவும் தட்டிப் பார்க்கலாம். மெல்லத் தட்டினால் ஒலிக்காத தட்டு, ஒருமுறை தட்டினால் இருமுறை ஒலிக்கும் தட்டு ஆகியவை தேய்ந்தவை. மதிப்பை மாற்றும் சுழல்குமிழ் முன்னும் பின்னும் தாவினால் அதுவும் தேய்ந்ததே. குமிழைத் திருப்பும்போது கரகரப்பு மட்டும் வந்தால் தொடுமுனைத் துப்புரவுத் திரவத்தால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காக விலை பேசலாமே தவிர, கருவியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு வெளியீட்டுத் துளையிலும் காதணிபேசியைச் செருகிப் பார்த்தல் வேண்டும். முக்கியமாக, ஒலி ஒன்றைப் பதிவு செய்து பார்க்க வேண்டும். ஒலித்தல் நன்றாயிருந்து பதிவுப் பகுதி பழுதான கருவிகள் விற்பனைக்கு வருவது வழக்கம். வாங்குவோர் பலரும் உள்ளே ஏற்கனவே இருக்கும் ஒலிகளைக் கேட்டு மகிழ்ந்து திரும்பிவிடுவதே இதற்கு வசதியாக அமைகிறது.

அடுத்தது சேமிப்பு. எண்பதுகளின் கருவிகளில் மின்சாரத்தை நிறுத்தினால் ஒலிகள் அனைத்தும் அழிந்துபோகும். அவற்றை நெகிழ்வட்டில் சேமித்தே ஆகவேண்டும். சோனி நிறுவனம் 2011இல் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திவிட்டது. மேலும், மிராஜ், ஏ.எஸ்.ஆர். 10 போன்ற என்சோனிக் கருவிகளின் இயக்குதளமே நெகிழ்வட்டில்தான் உள்ளது. அவ்வட்டு இன்றி அவை வெறும் பெட்டிகளே. ஆகவே இவற்றை வாங்கும்போது இயக்குவட்டைக் கேட்டுப் பெற்று, அதிலிருந்து கருவி தொடங்குவதைக் கண்ணால் காணவேண்டும். நெகிழ்வட்டு இயக்கி பழுதானால் அவ்விடத்தில் கோடெக் போன்ற மாற்று இயக்கியைப் பொருத்தி, யு.எஸ்.பி. நினைவுக்குச்சியை நெகிழ்வட்டுகள் போலப் பயன்படுத்தலாம். எல்லாக் கருவிகளுக்கும் இது நேரடியாகப் பொருந்துவதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிற்பட்டவற்றில் நினைவட்டைகள் உள்ளன. இவற்றிலும் வேறுபாடு உண்டு. கோர்க் இ.எஸ்.1, பாஸ் எஸ்.பி. 303 ஆகியவை பயன்படுத்தும் ஸ்மார்ட்மீடியா அட்டைகள் உற்பத்தியிலிருந்து நின்றுபோனவை. முதல் எஸ்.பி. 404 (2005), எம்.பி.சி. 1000 ஆகியவை பயன்படுத்தும் காம்பாக்ட்பிளாஷ் அட்டைகள் இன்றும் கிடைக்கின்றன. 2009இல் அறிவிக்கப்பட்ட எஸ்.பி. 404 எஸ்.எக்ஸ், எளிதாகக் கிடைக்கும் எஸ்.டி. அட்டையைப் பயன்படுத்துகிறது. மாணவர் ஒருவர் முதற்கருவியாக வாங்குவதற்கு, புகழ்பெற்ற பழம் எம்.பி.சி.யைவிட இத்தகைய எளிய கருவியே ஏற்றது எனலாம்.

திரையின் பின்னொளி மங்குதல் பழைய அக்காய் கருவிகளில் பொதுவான குறை. மாற்றுத் திரைகள் கிடைக்கின்றன. நாள், அமைப்பு முதலியவற்றைக் காக்கும் உள்மின்கலம் தீர்ந்திருந்தால் கருவி ஒவ்வொரு முறையும் மறதியோடு விழிக்கும். சிலவற்றில் இம்மின்கலம் பற்றவைக்கப்பட்டிருப்பதால் பழுதுபார்ப்பவரிடமே செல்லவேண்டும்.

மின்சாரம்

இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு. பிரான்சிலும் அதுவே. ஆகவே பிரான்சிலிருந்து வந்த கருவியில் மின்னழுத்தச் சிக்கல் இல்லை. சிக்கல் செருகியில் உள்ளது. பிரெஞ்சுச் செருகியில் இரண்டு உருளைமுனைகளே வெளியே நீண்டிருக்கும். நிலத்தொடுப்புக்கு முனைக்கு மாறாக ஒரு துளை உண்டு. பிரெஞ்சுப் பொருத்தியிலிருந்து நீளும் முனை அத்துளையில் புகும். இந்தியப் பொருத்தியில் இச்செருகி ஒருவாறு நுழைந்துவிடும் என்றாலும் நிலத்தொடுப்பு கிடைக்காது. விளைவாக ஒலியில் இரைச்சல் கலப்பதோடு, உலோகப் பெட்டியைத் தொடும்போது மெல்லிய கூச்சமும் உணரப்படலாம். வெறுங்காலுடன் வாசிப்போர் இதனைப் பொருட்படுத்தாது விடுதல் ஆபத்தானது. தீர்வு எளிது. பெரும்பாலான கருவிகளின் பின்புறக் கம்பி கழற்றக்கூடியது. கணினிக்குப் பயன்படும் இந்திய மும்முனைக் கம்பியே அங்குப் பொருந்தும்.

யப்பானிய உள்நாட்டுக் கருவிகள் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்கக் கருவிகள் ஏறத்தாழ 120 வோல்ட்டுக்கும் அமைந்தவை. இவற்றை நேரடியாக இணைத்தால் மின்வழங்கி நொடியில் எரிந்துவிடும். பின்புறத் தகட்டில் அச்சிட்டுள்ள மின்னழுத்தத்தைப் படிப்பது, செருகுவதற்கு முன் செய்யவேண்டிய செயல். அழுத்தம் குறைக்கும் மின்மாற்றி கொண்டு இவற்றை இயக்கலாம். எஸ்.பி. 303, எஸ்.பி. 404 போன்றவை 9 வோல்ட்டு மின்னூக்கியில் இயங்குவன. அம்முனையின் நடுப்பகுதி எதிர்மின் கொண்டது. கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் மின்னூக்கிகளில் நடுப்பகுதி நேர்மின் கொண்டிருப்பதால், எண்ணை மட்டும் பார்த்து வாங்குதல் கூடாது.

கடற்காற்றும் மழையும்

புதுச்சேரியின் பழைய நகர்ப்பகுதி கடலை ஒட்டியுள்ளது. உப்புக் கலந்த ஈரக்காற்று, இணைப்புத் துளைகளிலும் விசைகளின் தொடுமுனைகளிலும் பச்சைநிறக் களிம்பை உண்டாக்குகிறது. நீண்ட காலம் பயன்படுத்தாது வைக்கப்பட்ட கருவி, நாள்தோறும் பயன்படுத்தப்பட்ட கருவியைவிட மோசமான நிலையில் இருப்பதன் காரணம் இதுவே. வாரத்துக்கு ஒருமுறையேனும் கருவியைச் சற்றுநேரம் இயக்குதல், பயன்படுத்தாதபோது ஈரமுறிஞ்சும் சிலிக்காக் குறுணைப் பையுடன் மூடி வைத்தல் ஆகியவை பயன்தரும். பழைய நெகிழ்வட்டுகளில் பூஞ்சை படர்ந்திருந்தால் அவற்றை இயக்கியில் இடாதிருத்தல் நன்று. ஒரு வட்டின் பூஞ்சை, படிப்புமுனை வழியாக மற்ற வட்டுகளையும் கெடுக்கும்.

2011 திசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலும் இந்நகரை நேரடியாகத் தாக்கியவை. பெஞ்சலின்போது 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் மேற்பட்ட மழை பெய்து, பல வீடுகளில் நீர் புகுந்தது. புயலுக்குப் பின் விற்பனைக்கு வரும் கருவிகளில் அடிப்புறத் திருகுகளின் துருவைப் பார்த்தல் வேண்டும். வெளிப்புறத்தைத் துடைத்துவிடலாம். திருகின் குழியை எவரும் துடைப்பதில்லை.

தவிலைப் பதிவு செய்தல்

பயன்பாட்டு முறைக்கு எடுத்துக்காட்டாகத் தவிலைக் கொள்ளலாம். ஒலிவாங்கியை வலந்தலைக்கு மிக அருகில் வைத்தால் ஒலி உடைந்துவிடும். ஏறத்தாழ ஒரு முழத் தொலைவில் வைத்து, மிக வலிய அடியும் உச்ச அளவைத் தொடாதவாறு உள்ளீட்டு அளவை அமைக்க வேண்டும். வலந்தலை, தொப்பி இரண்டின் சொற்களையும் தனித்தனியே, ஒவ்வொன்றும் மெல்லடி, நடுவடி, வல்லடி என மூன்று வலிமைகளில் பதிவு செய்வது நல்லது. பின்னர் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலுள்ள வெற்றிடத்தை வெட்டிவிட வேண்டும். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு வெற்றிடம் இருந்தாலும், தட்டுவதற்கும் ஒலிப்பதற்கும் இடையே தாமதம் தோன்றித் தாளம் பின்தங்கியதாக உணரப்படும். மூன்று வலிமைகளையும் ஒரே அடிதட்டில் அடுக்கி, தட்டும் விசைக்கேற்ப உரியது ஒலிக்குமாறு அமைக்கலாம்.

நாதசுவரம், வீணை ஆகியவற்றில் இம்முறை அவ்வளவு பயன்தருவதில்லை. தனிச்சுரமாகப் பதிவு செய்தால் கமகம் வராது. கமகத்துடன் பதிவு செய்தால் அக்கமகம் எல்லாக் கட்டைகளிலும் அதே அசைவுடன், ஆனால் வேறுவேறு வேகத்தில் திரும்பத் திரும்ப வரும். எனவே இவற்றைச் சுரமாக அன்றி, ஒரு முழுப்பிடியாகப் பதிவு செய்து, ஒரே சுருதியில் ஒரு தட்டில் வைப்பதே பொருத்தம். தம்புராவுக்கு இச்சிக்கல் இல்லை. நான்கு தந்திகளின் ஒரு சுற்றைப் பதிவு செய்து, முடிவும் தொடக்கமும் இசையும் இடத்தில் தொடரவிட்டால் போதும்.

பதிப்புரிமை

பிறர் ஒலிப்பதிவிலிருந்து சிறு துண்டை எடுத்து வெளியிடுவதற்கும் உரிமையாளரின் இசைவு தேவைப்படும். சில நொடிகள் எனில் குற்றமில்லை என்னும் பரவலான நம்பிக்கைக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். சான்றாக, 1960இல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை 2020 இறுதியில் முடிவுற்றது. ஆனால் அப்பாடலின் மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமை தனியானது. அது படைப்பாளர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் தொடரும்.

தமிழ்ப் பாடல்கள் மாதிரியாக எடுக்கப்பட்டதற்கு எடுத்துக்காட்டுகள் உள. அமெரிக்காவின் பிளாக் ஐடு பீசு குழுவின் எலிஃபங்கு (2003) தொகுப்பில், ஸ்ரீ ராகவேந்திரர் (1985) படத்துக்கு இளையராஜா அமைத்த பாடலொன்றின் பகுதி இடம்பெற்றது. மாயாவின் கலா தொகுப்பில் தளபதி (1991) படப் பாடலொன்றின் பகுதி இடம்பெற்றது.

தெருவில் வாசிக்கும் பறையிசைக் கலைஞரையோ கோயில் நாதசுவரக்காரரையோ பதிவு செய்யும்போதும் இசைவு பெறுதல் வேண்டும். இந்தியச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்கும் தனி உரிமை வழங்குகிறது. பத்து நிமிடம் வாசித்தவருக்கு ஒரு தொகையை அளித்து, அவ்வொலி எதற்குப் பயன்படும் என்பதைத் தமிழில் எழுதிக் கையொப்பம் பெறுவது இருவருக்கும் நலம். அவர் வாசித்த அடி, அவரே அழைக்கப்படாத மேடைகளில் ஆண்டுக்கணக்கில் ஒலிக்கப்போகிறது.

புதுச்சேரியின் ஒலிகள்

பதிவு செய்யத்தக்க ஒலிகள் இந்நகரில் பல உள்ளன. கடற்கரைச் சாலை மாலை முதல் காலை வரை ஊர்திகளுக்கு மூடப்படுவதால், பாறைகளில் மோதும் அலையை வண்டியிரைச்சல் இன்றிப் பதிவு செய்யலாம். விடியலுக்கு முந்திய நேரமே சிறந்தது. நடைப்பயிற்சியாளரின் பேச்சும் அப்போது குறைவு. மிசியோன் வீதியிலுள்ள சம்பா கோயிலின் மணி, மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் கூடும் மேளங்கள், சூன் 21 அன்று கொண்டாடப்படும் இசைத்திருநாளின் தெருக்கச்சேரிகள் ஆகியன பிற.

இனிப் பதிவு செய்ய இயலாதவையும் உள்ளன. மணக்குள விநாயகர் கோயில் வாயிலில் நின்று வந்த யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறந்தது. அதன் கழுத்துமணியும் கால்சலங்கையும் பல ஆண்டுகள் அவ்வீதியின் ஒலியாக இருந்தவை. நகரின் பெரிய நெசவாலைகளில் ஒன்றான ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. யானையின் மணியொலி சுற்றுலாப் பயணியர் எடுத்த எண்ணற்ற கைப்பேசிக் காட்சிகளில் கூட்டத்தின் இரைச்சலோடு எஞ்சியிருக்கிறது. அத்தகைய பதிவிலிருந்து மணியை மட்டும் பிரித்தெடுக்க, தாழ் அதிர்வெண்களை வடிகட்டி நீக்கி, பேச்சு இல்லாத ஒரு நொடியைத் தேடி வெட்டவேண்டும். எஸ்.பி. 404 போன்ற கருவியில் இதனைச் செய்ய ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும்.